பெட்ரோல் வாடை அடிக்கும் போர்: இன்னும் ஆழப்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து சுமார் 60 மீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஒரு மாதமாக எங்கள் 120 அடி போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை. தண்ணீரைப் பரிசோதித்ததில் 'குடிக்க ஏற்றது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்னும் 200 அடி இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் போர் ஏஜென்ட். செய்யலாமா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: இறக்காதீர்கள். ஏஜென்டுக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு. வாடை போனாலும் போகாவிட்டாலும் அது அவர் கைக்கு வந்துவிடும்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. தொட்டி கசிந்தால் மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் ரசத்தின் மேல் நெய் மாதிரி மிதக்கும். அதிலுள்ள பென்சீன் போன்ற நச்சு ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரோடு நகரும். உங்கள் ஊர் பாறைப் பூமி. மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப் மேல்மண் முடியும்வரைதான். அதற்குக் கீழே வெறும் துளை. அந்தத் துளையை 320 அடிக்கு நீட்டினால், மேல் வெடிப்பிலிருக்கும் அழுக்கு கீழ் வெடிப்புக்குப் போக நீங்களே வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். மோட்டார் ஓட்டுவதையும் குறையுங்கள். உறிஞ்ச உறிஞ்ச பங்க் பக்கத்துத் தண்ணீர்தான் உங்கள் பக்கம் வரும்.

அடுத்து அந்த ரிப்போர்ட். அதை எடுத்துப் பாருங்கள்: டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் எல்லாம் இருக்கும். பென்சீன் என்ற வரி இருக்கிறதா? இருக்காது. சாதாரண குடிநீர்ப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராம் பென்சீனுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதிரி எடுத்த விதமும் முக்கியம். பழைய தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, பைக்கில் வெயிலில் கொண்டுபோனால் இருந்ததும் ஆவியாகிவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை தண்ணீர், ஐஸ் பெட்டி, இதுதான் முறை. குப்பியை லேபிடமே கேட்டு வாங்குங்கள். 'ரிப்போர்ட் நான் வாங்கித் தருகிறேன்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 'குடிக்க ஏற்றது' என்ற அந்தத் தாளைத்தான் நாளைக்கு உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகி உங்கள் சமையலறைக்குள்தான் சுற்றும். ஆர்.ஓ.வையும் நம்ப வேண்டாம். சம்ப்பு மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரமும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. உங்களுடையது காற்றை உள்ளே தள்ளித் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரஸர் போரா, தண்ணீருக்குள்ளேயே மோட்டார் இறக்கிய சப்மெர்சிபிளா? கம்ப்ரஸர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ரிங் தேய்ந்த கம்ப்ரஸர் காற்றோடு ஆயிலையும் போருக்குள் தள்ளும். ஒரு தோட்டத்தில் நானே இரண்டு நாள் பங்க்காரரைச் சந்தேகித்துவிட்டு, கடைசியில் கம்ப்ரஸரின் காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஆயில் வழிந்தது. வெட்கமாகப் போயிற்று. மேலே மிதக்கும் படலத்தை வெள்ளைத்தாளில் தொட்டு எடுத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் என்றால் சட்டென்று பறந்துவிடும், கறை அநேகமாக இருக்காது. கம்ப்ரஸர் ஆயில் என்றால் வடை வைத்த பேப்பர் மாதிரி கறை அப்படியே நிற்கும். டீசலும் கறை விடும் என்பதால் மூக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மூன்று நாள் கம்ப்ரஸரை நிறுத்தி, வேறு மோட்டார் போட்டு இறைத்துப் பார்த்தும் வாடை குறையவில்லை என்றால் அப்புறம் பங்க் பக்கம் திரும்பலாம்.

பங்க் என்றால் முதலில் கசிவு நிற்க வேண்டும். அது நிற்காமல் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்ப் பொடி தூவுகிறேன் என்று வருகிறவருக்குக் காசு கொடுப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான். கசிவை நிறுத்தி, மிதப்பதை உறிஞ்சி எடுத்து, மண்ணிலிருக்கும் ஆவியை இழுத்து, பிறகு தண்ணீரைச் சுத்தப்படுத்தி என்று வருடக்கணக்கில் நடக்கும் வேலை இது. செலவு உங்களுடையதல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்படி கசிவால் கெட்ட மண்ணையும் நிலத்தடி நீரையும் சீர்செய்ய வேண்டியது எண்ணெய் நிறுவனம்.

மாவட்ட ஆட்சியருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் தனி விதிகள் வந்திருக்கின்றன. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். வாரியத்தில் கேட்டால், பங்க்குக்கு லைசென்ஸ் தரும் வெடிபொருள் துறை பார்க்கும் என்பார்கள், அங்கே போனால் வாரியம் பார்க்கும் என்பார்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர்களில் எரிபொருள் வந்ததே, அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. விதிக்கு இங்கே பஞ்சமில்லை, வந்து குனிந்து முகர்ந்து பார்க்க ஒரு அதிகாரிக்குத்தான் பஞ்சம்.

பங்க்காரர் 'புது போர் போட்டுத் தருகிறேன், ஒரு கையெழுத்து மட்டும்' என்று ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தால் போடாதீர்கள். போர் தண்ணீர் சுத்தமாகும்வரை லாரித் தண்ணீர்தான். பில்லை எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.