சேலஞ்ச் ஏ-வுக்குப் பிள்ளையைத் தயார் பண்ணுவது: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் செய்யும் நம் ஆட்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்ததால் மொத்தமாகப் பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். நான் கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் என்ற கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் திட்டத்தில் சேலஞ்ச் ஏ வகுப்பை நடத்தும் டைரக்டர். தெரியாதவர்களுக்கு: 12 வயதிலிருந்து சேரலாம், வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, வருஷத்துக்கு 30 வாரம், ஆறு செமினாரையும் (பாடங்களையும்) ஒரே டைரக்டர் நடத்துவார், மற்ற நாலு நாளும் வீட்டில் படிப்பு. ஃபீஸ் என்னிடம் கேட்காதீர்கள்.

ஸ்தோத்திரம் சிஸ்டர். மகனுக்கு 12 ஆகப்போகிறது. ஆகஸ்டுக்குள் எந்தெந்தப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும்?

ஒன்றையும் முடிக்க வேண்டாம். இதை நான் இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள், ஞாயிறு பள்ளி மனப்பாட வசனத்தில் முதல் பரிசு வாங்கி வைத்திருப்பார்கள், ஆனால் செமினாரில் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.

குடும்ப ஜெபத்தில் யோனா புத்தகத்தை எடுங்கள், நாலே அதிகாரம். "யோனா தர்ஷீசுக்கு ஓடிப்போயிருக்க வேண்டுமா?" என்று ஒரு கேள்வி. ஒரு தாளில் மூன்று பத்தி: ஆம், இல்லை, சும்மா சுவாரசியம். சேலஞ்சில் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் செய்வது இதேதான். "இல்லை" பத்தி கடகடவென்று நிரம்பும், கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்னார், அவ்வளவுதானே. "ஆம்" பத்தியில்தான் பிள்ளை திணறும். திணறட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நாலாம் அதிகாரத்தில் யோனாவே தன் நியாயத்தைச் சொல்கிறான்: நினிவேக்காரர்களை நீர் மன்னித்துவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறான். அதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்தது. மூன்றாம் பத்தியில் எதை வேண்டுமானாலும் போடலாம்: கப்பலுக்குக் கூலி கொடுத்தான், நினிவேயில் மிருகஜீவன்களும் இருந்தன. அந்த மாடுகளை வைத்தே கடைசியில் நல்ல வாதம் எழுதும் பிள்ளைகள் உண்டு.

இதோடு இரண்டு பழக்கம். 40 நிமிஷம் தனியாக உட்கார்ந்து படிப்பது, ஃபோனும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல். அப்புறம் வாரத்துக்கு என்ன வேலை என்று தன் கையாலேயே எழுதி, முடித்ததை அடிப்பது. நீங்கள் அடிக்கக் கூடாது.

அக்கா, சின்ன வகுப்பான ஃபவுண்டேஷன்ஸில் மகள் படிக்கவே இல்லை. பின்தங்கிவிடுவாளா?

இல்லை.

உலக வரைபடத்தைப் பார்க்காமல் வரையணுமாமே! என் பையனுக்கு நேர்கோடே வராது.

அழகாக வரைய யாரும் கேட்கவில்லை. பெரிய தாள் எடுத்து முதலில் பூமத்திய ரேகை, மேலே கடக ரேகை, கீழே மகர ரேகை, குறுக்கே லண்டன் வழியாக ஒரு கோடு. கண்டங்களை இந்தக் கோடுகளில் மாட்டினால் போதும். ஆப்பிரிக்காவின் நடுவில் பூமத்திய ரேகை ஓடுகிறது, இந்தியாவைக் கடக ரேகை வெட்டுகிறது, நம் கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்குச் சற்று மேலே. இது கைக்கு வந்தால் நாடுகள் தானாக உட்காரும். கோடையில் ஒரு கண்டம் போதும்.

லத்தீன் எதற்கு? செத்துப்போன மொழி. அந்த நேரத்தில் தமிழ் இலக்கணம் படிக்கட்டுமே.

வந்துவிட்டீர்களா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டும் படிக்கட்டும் என்கிறேன், அதுவும் தமிழை முதலில். 'கிறிஸ்துஸ் மரியாம் விதெத்' என்றால் கிறிஸ்து மரியாளைப் பார்க்கிறார். 'மரியாம் கிறிஸ்துஸ் விதெத்' என்று திருப்பிப் போட்டாலும் அர்த்தம் அதேதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை இங்கே தடுமாறும், ஏனென்றால் முதலில் வருவதே எழுவாய் என்று பழகியிருக்கிறது. 'மரியாளை கிறிஸ்து பார்க்கிறார்' என்று வீட்டில் பேசுகிற பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம்? நம் 'ஐ' அங்கே 'ம்' ஆகிறது. வேற்றுமை உருபுகளை ஐ, ஆல், கு என்று கோடையில் ஒப்பிக்கச் சொல்லுங்கள். லத்தீனுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த லத்தீன் புத்தகம் கத்தோலிக்கரான ஒரு இயேசு சபைப் பாதிரியார் எழுதியது. மரியாள் பேர் வந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் பெந்தெகொஸ்தே. பாஸ்டர் யோசிக்கிறார்.

ஆமாம், அதை எழுதிய ஹென்லே இயேசு சபைக்காரர்தான். மரியாள் லூக்காவிலும் வருகிறாளே.

இது பதில் இல்லை சிஸ்டர். நாளைக்கு ஜெபமாலையையும் சொல்லிக் கொடுப்பார்கள்.

சரி, ஒழுங்காகவே சொல்கிறேன். வீரமாமுனிவர் இயேசு சபைக்காரர். தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து எழுத்திலேயே சண்டை போட்டவர், சும்மா சண்டை இல்லை, நூல் நூலாக. அவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சடித்தது யார்? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். தமிழ் கற்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது, அச்சடித்தார்கள், உபதேசத்தில் ஒரு அடி விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கு ஒப்பாத வாக்கியம் வந்தால் பிள்ளையிடம் ஏன் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டு மொழிபெயர்க்க வையுங்கள், அல்லது அதைத் தாண்டுங்கள். வீட்டில் ஆசிரியர் நீங்கள்தான், டைரக்டர் இல்லை. இதற்குமேல் இந்தச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம், பாஸ்டருக்கு என் ஸ்தோத்திரம்.

சிஸ்டர், கோடையில் கணக்குப் புத்தகத்தையாவது முடித்துவிடலாமா?

மேலே படியுங்கள்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் லத்தீனில் முதல் பத்துப் பாடம் முடித்தால் ஒரு அட்வான்டேஜ் இருக்குமே?

இருக்காது. முதல் மாசம் தெரிந்ததையே கேட்டு சலித்துப்போய் உட்கார்ந்திருப்பான், இரண்டாம் மாசம் எல்லாரோடும் சேர்ந்து திணறுவான்.

டெக்சாஸிலிருந்து நார்த் கரோலைனாவுக்கு மாறுகிறோம். ஏதாவது எழுதிக் கொடுக்கணுமா?

கொடுக்கணும். டெக்சாஸில் ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகவே பார்க்கிறார்கள், 1994-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, பதிவும் பரீட்சையும் கிடையாது. நார்த் கரோலைனாவில் மாநிலத்துக்கு அறிவிப்பு கொடுக்கணும், வருஷா வருஷம் ஒரு தரப்படுத்தப்பட்ட தேர்வும் (ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட்) எழுத வைக்கணும்.

அக்கா, நான் எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறேன். எங்கள் குழுவில் டைரக்டராக வரச் சொல்கிறார்கள். வரலாமா?

இதைத்தான் எல்லாரும் கேட்க மறக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. டைரக்டருக்குப் பணம் வரும், அது வேலை. வேலை அனுமதி அட்டை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் வேண்டாம், என் மகள் ஃபீஸை மட்டும் கழித்துக்கொள்ளலாமா?

அதையும் கூலி என்று பார்ப்பார்கள். வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸாப் குரூப்பில் கேட்காதீர்கள்.