தினமும் ஒரே மாதிரி ஓடும் வாழ்க்கையில் வரையவும் எழுதவும் உற்சாகம் எங்கிருந்து வரும்?

"பார்த்ததையே பார்த்துச் சலித்துவிட்டது, வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அழகான இடங்களுக்குப் போனால் சரியாகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். போய் வாருங்கள், நல்லதுதான். ஆனால் அதனால் கை ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் இருப்பதே ஊரெல்லாம் படம் எடுக்க வரும் இடத்தில்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் மலை வரையச் சொன்னால் என்ன வரும் தெரியுமா? மூன்று முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. ஜன்னலைத் திறந்தால் எதிரே நிஜ மலை நிற்கிறது. அதில் முக்கோணமும் இல்லை, தென்னையும் இல்லை. (முக்கோணம் பார்க்க வேண்டுமென்றால் விடியுமுன் சிவனொளிபாதமலை உச்சியில் நிற்க வேண்டும். சூரியன் எழும்பும்போது மேற்கே மூட்டத்தின்மேல் மலையின் நிழல் அளவெடுத்த முக்கோணமாக விழும். அதுவும் தூரம் போகப் போக நிழல் குறுகித் தெரிகிற கண்மயக்குதான்.)

சரி, மலை வேண்டாம் என்று, வேலியோரத்துத் தேயிலையில் ஆளுக்கொரு கொழுந்து கிள்ளி வரச் சொன்னேன். "எல்லாம் பச்சைதானே சேர்" என்றார்கள். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் மொட்டு மஞ்சளோடிய பச்சை, அதன்மேல் வெள்ளியாய்ப் பூனைமயிர். அடுத்த இலை வேறு பச்சை, அதற்கடுத்தது இன்னொரு பச்சை. இலை விளிம்பில் இருக்கிற பல் காம்படியில் இல்லை, கொஞ்சம் மேலே போய்த்தான் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தவள், நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளும் அம்மாவின் மகள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கே அதைக் காட்டியிருக்கிறாள்.

பார்ப்பதோடு 'ஏன்' என்ற கேள்வியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும், உடுப்புக் காயாது. அதே நாளில் பதுளை ரயிலேறிப் போனால், நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். அதற்கப்பால் அப்புத்தளை, பண்டாரவளையில் பல நாட்களில் வெயில். மேகம் எங்கள் சரிவில் ஏறும்போதே மழையை இறக்கிவிடுகிறது, அந்தப் பக்கம் இறங்குவது காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும். எங்கள் தேயிலைக்கு வாசம் ஏறும் பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இது தெரிந்தபிறகு, நனைந்த தாளில் சாயத்தை ஓடவிட்டு மழை வரைவதில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது.

கலைக்கும் கண்காட்சி மண்டபம் தேட வேண்டியதில்லை. மாசியில், காமன் எரிந்து ரதி அழும் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது தப்பு என்ற பறையை அடிப்பவர்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். குளிரில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பு மூட்டி, தப்பின் முகத்தைக் காட்டி, விரலால் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். சரியில்லை, இன்னும் கொஞ்சம் காட்டுவார்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, நிற்க வேண்டிய ஆம்பிளை ராத்திரி ரதியாகிப் புலம்புவார், லயன் வரிசை வீட்டுப் பெண்கள் கூடவே அழுவார்கள்.

இன்னொன்று. "எவ்வளவு அழகான இடம், கொடுத்துவைத்தவர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். கூடை சுமப்பவளுக்கு அந்தச் சரிவு முதலில் வழுக்குகிற இடம், அட்டை கடிக்கிற இடம். அழகு அப்புறம். ஆனாலும் அங்கே நின்றுதான் பாட்டுக் கட்டினார்கள், வேலை வாங்கும் கங்காணியைத் திட்டியும் கட்டினார்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்ததால் கொஞ்சமாவது மிஞ்சியது. ஆகவே மனசு நிறைந்திருக்கும்போதுதான் வரைய முடியும் என்று காத்திருக்காதீர்கள். கோபமாக இருந்தாலும் உட்காரலாம்.

எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. கொழும்பு மாடிவீடானாலும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து கிடைக்காமலா போகும்? அதைப் பென்சிலால் வரையுங்கள். அழிறப்பரை மட்டும் தூர வையுங்கள். பிள்ளைகளிடம் நான் முதலில் பிடுங்கி வைப்பது அதைத்தான்.