பதில்: நுரை நிற்கவில்லை, கழுத்து எரிகிறது
தம்பி, கொழும்பில் நன்றாக நுரைத்த சவரச் சவர்க்காரம் கொக்குவில் வீட்டில் நுரைக்கவில்லை, கழுத்தும் எரிகிறது என்கிறீர்கள். பிளேட்டைத் திட்டாதீர்கள், குற்றம் கிணற்றில். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளைப் படிவுதான் மிஞ்சும். கேத்தலின் அடியில் ஒட்டியிருக்கும் பொருக்கைச் சுரண்டிப் பாருங்கள், விளங்கும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேலாக வார்த்தெடுங்கள். தண்ணீரின் கடினம், அதாவது அந்தக் கல்சியம், ஓரளவு குறையும். மழைத் தண்ணீர் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அந்தத் தண்ணீரைச் சவர்க்காரத்தில் துளித் துளியாகச் சேர்த்து, நுரை தயிர்ப் பதத்துக்கு வரும்வரை பிரஷ்ஷால் குழையுங்கள்.

கழுத்து மயிர் பலருக்குப் பக்கவாட்டில் சாய்ந்து வளரும். விரலால் தடவிப் பார்த்து, சாயும் பக்கமாகவே அழுத்தாமல் வழியுங்கள். எரிவு ஆறும்வரை எதிர்ப்பக்கம் வழிக்கவே வேண்டாம்.