விளையாட்டுக் குசினி வாங்குவதற்கு முதல்

கேள்வி: ரீச்சர், என் மகளுக்கு 22 மாதம். நான் சமைக்கும்போது காலடியிலேயே நின்று சட்டி, கரண்டி எல்லாவற்றையும் இழுக்கிறாள். கனடாவில் இருக்கும் அண்ணா அவளுக்கு ஒரு விளையாட்டுக் குசினி அனுப்புகிறேன் என்கிறார். பலகையில் செய்தது, ஒரு மீற்றர் உயரம், அடுப்பில் லைட் எரியும், கொதிக்கிற சத்தமும் வரும். இங்கே கடையில் பிளாஸ்ரிக்கில் சின்னதும் இருக்கிறது. மாமியோ, "இரண்டு சிரட்டையும் ஒரு அகப்பையும் குடுத்தால் போதும், காசைக் கரியாக்காதேங்கோ" என்கிறா. வீட்டில் இடமும் பெரிதாக இல்லை. நான் எதைச் செய்வது?
கொக்குவிலிலிருந்து ஒரு தாய்

பதில்: மாமி சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்குக் கொஞ்சம் காசு செலவழியுங்கள். அதையும் அடுப்பில் போடாமல், அடுப்பின் மேல் வைக்கும் சாமானில் போடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு வயது கடந்த பிள்ளை வெறும் பேணியை வாயில் வைத்துக் குடிப்பதாகப் பாவனை செய்யும். இரண்டு வயதை ஒட்டி அதே பேணி பொம்மையின் வாய்க்கும் உங்கள் வாய்க்கும் போகும். மூன்று வயதளவில்தான் அரிசி போட்டு, கிண்டி, இறக்கி, எல்லாருக்கும் பரிமாறுவது என்று கதை தொடராக வரும். உங்கள் மகள் இப்போது இரண்டாவது படியில் நிற்கிறாள். இந்த வயதில் கையிலிருக்கும் பொருள் உண்மையான பொருளைப் போல இருந்தால்தான் விளையாட்டு ஓடும். மூன்று, மூன்றரை வயதானால் பூவரசம் இலை தட்டாகும், கல் உருளைக்கிழங்காகும். இப்போது அவளுக்குச் சட்டி என்றால் சட்டியேதான் வேண்டும்.

அதோடு, அவள் பார்த்துச் செய்வது உங்களைத்தான். ஒவன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒவன் கதவு திறந்து மூடுகிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். பிளாஸ்ரிக் பீட்சாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியையும் இடியப்பத் தட்டையும் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் பிட்டை எப்படித் தட்டிக் கொட்டுகிறீர்களோ அதே கை அசைவு அப்படியே வரும்.

இனி அண்ணாவின் குசினி. ஒரு மீற்றர் என்பது பெரும்பாலும் பின்பலகையோடு சேர்ந்த மொத்த உயரமாக இருக்கும். நமக்கு வேண்டியது அடுப்பு இருக்கும் மேற்பரப்பின் உயரம். மகளைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். மேற்பரப்பு அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். இரண்டு வயதுப் பெண்பிள்ளையின் சராசரி உயரம் 86 சென்ரிமீற்றரளவு, மூன்று வயதில் 95, நான்கில் 103. அதனால் 45 சென்ரிமீற்றர் உயர மேற்பரப்பு இப்போதும் சரிவரும், இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கும் தாங்கும். அதைவிட மிக உயர்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டுவாள், கெதியில் களைத்து விட்டுவிடுவாள்.

உயரமான குசினிக்கு இன்னொரு பயமும் உண்டு. இந்த வயதுப் பிள்ளை கதவைத் திறந்தால் அதில் ஏறி நிற்கும். முன்பக்கம் பாரம் விழுந்தால் முழுச் சாமானும் சீமெந்துத் தரையில் பிள்ளைக்கு மேலே சரியும். அனுப்பத்தான் போகிறார் என்றால் சுவரில் திருகாணி போட்டு இறுக்காமல் ஒரு நாள்கூட விளையாட விடாதீர்கள். அந்தப் பலகை அழுத்திய மரத்தூள் பலகையா என்றும் கேளுங்கள். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரத்தில் ஊதி விளிம்பு பிரியும், கறையானும் தேடி வரும். பிளாஸ்ரிக் குசினி ஈரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் விறாந்தை வெயிலில் நாள்கணக்கில் நின்றால் நொருங்கி விளிம்பு கூராகும்.

லைட்டும் சத்தமும் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 முதல் 16 மாதம் வரையான 26 குழந்தைகள் பெற்றோரோடு விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். பற்றரியில் பாடும் பேசும் சாமான்களை வைத்து விளையாடும்போது பெற்றோர் பேசிய சொற்கள்தான் மிகவும் குறைவு. புத்தகத்தோடு இருக்கும்போது மிகவும் கூடுதல். சாமான் பேசினால் நாங்கள் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். கொதிக்கிற சத்தம் தானாக வந்தால், "கொதிக்குது, சுடும், ஊதிக் குடியுங்கோ" என்று யார் சொல்வது? விளையாட்டுக் குசினியால் வரும் பெரிய லாபமே அந்தப் பேச்சுத்தான்.

பற்றரியில் ஆபத்தும் இருக்கிறது. பொத்தான் அளவு வட்டப் பற்றரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கும். பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்படாத எந்தச் சாமானையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தங்களுக்கும் இதே சட்டம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கும்.

சரி, என்ன கொடுக்கலாம்? ஒரு மூடிச் சட்டி, அதற்குள் போய்க் கிண்டக்கூடிய அகப்பை, ஒரு சின்னக் கேத்தில், இரண்டு பேணி, இரண்டு தட்டு, ஒரு நீத்துப்பெட்டி. தொடக்கத்துக்கு இது போதும். 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில் 18 முதல் 30 மாதம் வரையான 36 பிள்ளைகளை ஒருமுறை 4 சாமான்களோடும் இன்னொருமுறை 16 சாமான்களோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடிய நேரம் நின்றார்கள், விதம் விதமாகவும் விளையாடினார்கள். அறுபது துண்டு அடைத்த பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். வாங்கிவிட்டால் பாதியை அலுமாரியில் வைத்துவிட்டு, சலித்தபின் மாற்றிக் கொடுங்கள்.

சட்டியும் பேணியும் சில்வரிலேயே வாங்குங்கள். யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கிற சின்னச் செம்பு, கிண்ணம் எல்லாம் இருக்கும். பொம்மைச் சாமானைவிட அவை உறுதி. வாங்கும்போது விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். தகடு உள்பக்கம் சுருட்டி மடித்திருக்க வேண்டும், வெட்டி விட்டபடி இருக்கக் கூடாது. கைபிடியை நன்றாக இழுத்துத் திருகிப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கடைகளில் வரும் மெல்லிய பிளாஸ்ரிக் சாமான்களை மூக்கருகே பிடித்து மணந்து பாருங்கள், மணம் குத்தினால் வைத்துவிடுங்கள். மண் சட்டி அழகுதான், ஆனால் சீமெந்துத் தரையில் விழுந்தால் கூரான ஓடு. அது நாலு வயதுக்குப் பிறகு, மணல் முற்றத்தில். பனையோலைச் சாமான் சாயம் போடாததாக இருக்கட்டும்; இந்த வயதில் எல்லாம் வாய்க்குப் போகும்.

அளவைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சாமான் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். சரியாக 10 சென்ரிமீற்றர் அகலக் காட்போட் துண்டை விளிம்போடு விளிம்பு முட்டச் சுருட்டி ஒட்டினால் கிட்டத்தட்ட அதே குழாய் உங்கள் கையில். நீளம் 5 சென்ரிமீற்றரளவு வைத்து வெட்டுங்கள். அதற்குள் முழுதாக மறையும் எதுவும் மகளுக்கு வேண்டாம். உருண்டையானவற்றில் இன்னும் கவனம், 4.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பந்து கூடாது. வெட்டி விளையாடும் மரக்கறிகள் முழுதாக இருக்கும்போது தப்பிவிடும், ஆகவே வெட்டிய துண்டைச் சோதியுங்கள்.

மாமியின் சிரட்டையையும் விட வேண்டாம். வெளியில் இருக்கும் தும்பை ஒரு கண்ணாடி ஓட்டால் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக்குங்கள். உடைத்த சிரட்டையின் விளிம்பு உதட்டைக் கிழிக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைத் துப்புரவாக எடுத்து, அவித்து, வெயிலில் காய விடுங்கள்.

அடுப்புக்கு, தெரிந்த தச்சரிடம் ஒரு குட்டி வாங்கு (பெஞ்ச்) செய்யக் கொடுங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 35 அகலம், 45 உயரம். கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் சரிந்து நிற்கட்டும். மூலைகளை உருட்டச் சொல்லுங்கள். மேலே அடுப்புக்கு இரண்டு வட்டம், பக்கத்தில் ஒரு சில்வர்க் கிண்ணம் இறங்குமளவுக்கு ஒரு துளை, கீழே சட்டி வைக்க ஒரு தட்டு. வேம்பு, பலா, ரப்பர் மரம் எதுவும் நல்லது. பனை மரம் வேண்டாம், சிராய் ஏறும். வர்ணம் அடிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேன்மெழுகு பூசினால் போதும். அடிக்கத்தான் வேண்டுமென்றால், கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமலை எடுக்க விடாதீர்கள். இலங்கையில் 2013இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி விளையாட்டுச் சாமான்களுக்கான பூச்சில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது, எனாமலுக்கு அந்த விதி வைத்த எல்லை 600. பழைய வீட்டுக் கதவு, யன்னல் பலகையும் கூடாது, அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருந்திருக்கக் கூடும். வீட்டில் இடமில்லை என்கிறீர்கள். இந்த வாங்கு விளையாட்டு முடிந்தபின் இருக்கவும் உதவும்.

அதை வைக்கும் இடம் குசினி வாசலுக்கு வெளியே, உங்களைப் பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். குசினிக்குள்ளே வேண்டாம். கஞ்சி வடிக்கும்போதும் எண்ணெய் கொதிக்கும்போதும் காலடியில் பிள்ளை நிற்கக் கூடாது. பொய் அடுப்பைத் திருகப் பழகிய கை உண்மையான காஸ் அடுப்பையும் திருகும், அதனால் சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே பூட்டுங்கள்.

"எண்ணெய்ப் போத்தல்" என்று வெறும் மருந்துப் போத்தலையோ கழிப்பறை கழுவும் திரவப் போத்தலையோ கொடுக்காதீர்கள். அது நிறைந்திருக்கும் நாளிலும் அவளுக்கு எண்ணெய்தான். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

எப்படியும் ஒரு நாள் சமையல் முற்றத்துக்குப் போகும். அதற்கு முதல் வேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள். மஞ்சள் அலரிக்காய் பச்சையாய், கைக்கு அடக்கமாய் இருக்கும்; பிள்ளை முதலில் பொறுக்குவது அதைத்தான். அதன் விதையில் இருப்பது இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு, பிள்ளைக்கு ஓரிரு விதைகூட உயிராபத்து. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் கடித்து மென்றால் நஞ்சு. ஊமத்தையையும் பிடுங்கிவிடுங்கள். வாயில் போட்டுவிட்டாள் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நிற்காமல், மீதிக் காயையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

தண்ணீர் ஊற்றி விளையாடுவதை இந்த வயது மிகவும் விரும்பும், விடுங்கள். ஆனால் கிண்ணத்தில் ஒரு விரல் ஆழத்துக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வாளியும் பேணியும் கையிலிருந்தால் அவள் அடுத்துத் தேடிப் போவது கிணற்றடி. கிணற்றுக் கட்டு உயரமா, மூடி இருக்கிறதா என்று பாருங்கள். விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து உள்ளே எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும்.

அண்ணாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை இருக்கும், அதை மறுக்க வேண்டாம். பெரிய பெட்டிக்குப் பதில், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று குறித்த சின்னச் சில்வர்ச் சட்டித் தொகுதி ஒன்றையும், ஊட்டி விளையாட வாய் நன்றாகத் தெரியும் ஒரு துணிப் பொம்மையையும் கேளுங்கள். வாங்கை இங்கேயே செய்விக்கலாம். தச்சரிடம் போகும்போது மகளையும் கூட்டிப்போய், முழங்கை அளவை அவர் முன்னாலேயே எடுங்கள்.