தமிழ்நாட்டுல சில மாவட்டத்துல மட்டும் கார்பன் உமிழ்வு ஏன் அதிகம்? லாரிங்கதான் காரணமா?

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக கேக்குறீங்கன்னு நினைக்கிறேன் தம்பி, ஏன்னா "லாரிங்கதான் காரணமா"ன்னு கேள்விக்குள்ளயே பதிலையும் வச்சுட்டீங்க. நான் சங்ககிரிக்காரன். ஒரே ஒரு பல்கர் வண்டி (தூள் சரக்கு ஏத்துற டேங்கர் லாரி), நானே ஓனர் நானே டிரைவர், மேட்டூர் தெர்மல்ல, அதான் நிலக்கரி கரண்டு ஸ்டேஷன்ல, சாம்பல் ஏத்தி அரியலூர் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரிக்கு அடிக்கிற லைனு. லாரிக்காரன் லாரிக்குத்தான் பேசுவான்னு சொல்லப்போறவங்க கீழ இருக்குற கணக்கைப் படிச்சுட்டு வந்து திட்டுங்க.

போன வருஷம் ஒரு ஃபேக்டரி வாசல்ல 38 மணி நேரம் வரிசையில நின்னேன் (காத்துக்கிடந்ததுக்கு ஹால்டிங் காசு கேட்டா காது கேக்காத மாதிரி போயிட்டாங்க, அத விடுங்க). எதிர்ல ஒரு ஆயா டீக்கடை. உக்காரப் போனா பெஞ்சைத் துணியால ஒரு தட்டு தட்டுச்சு, அவ்வளவும் வெள்ளைத் தூசி. "ஏந்தம்பி, இப்பிடி வெயில் கொளுத்துறதே ஒங்க லாரிப் பொகையாலதானாமே, டிவியில சொல்றான்"னுச்சு. சுருக்குன்னு ஆயிருச்சு எனக்கு. தூசின்னா ஒத்துக்குவேன், அந்த ஊரு ஜனம் எங்க வண்டியால படாத பாடு படுது, அதுல வாதமே இல்ல. வெயிலுக்கும் நாங்கதான் பதில் சொல்லணுமா?

வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட சொன்னேன், பன்னெண்டாவது படிக்கிறா, ட்ரிப் ஷீட்டைத் திருப்பிப்போட்டு கணக்கு போட உக்காந்துட்டா. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா 2.7 கிலோ கிட்ட கார்பன் டை ஆக்சைடு. எனக்கு போக வர 400 கிலோமீட்டர், லோடுல லிட்டருக்கு மூணரை கிலோமீட்டர் குடுக்கும், எம்ட்டியில அஞ்சு, அப்புறம் சாம்பலைக் காத்து அடிச்சு மேல ஏத்தறதுக்கும் இன்ஜின் ஓடணும், எல்லாம் சேத்து 110 லிட்டர்னு வச்சுக்குங்க. ஒரு ட்ரிப்புக்கு 300 கிலோ. ஏப்பா இவ்வளவான்னு அவளே கேட்டா, எனக்கும் கொஞ்சம் பகீர்னுதான் இருந்துச்சு.

அடுத்து சுண்ணாம்புக்கல்லு, சிமெண்ட் செய்யறதே அதைச் சுட்டுத்தான். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டா அதுல 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா பறந்துரும்னு அவ பாடத்துலயே இருக்கு. கவனிங்க, இது அடுப்புக்கு நிலக்கரி போட்டா வர்ற புகை இல்ல, கல்லுக்குள்ளயே இருக்குறது, விறகுல சுட்டாலும் கரண்டுல சுட்டாலும் அந்த 44 வந்தே தீரும். 1450 டிகிரி வரைக்கும் ஏத்தறதுக்கு எரிக்கிறது தனி. ரெண்டும் சேந்து ஒரு டன் கிளிங்கருக்கு (கல்லைச் சுட்டா வர்ற கட்டி, அதை அரைச்சாத்தான் சிமெண்ட்) 850 கிலோ பக்கம் ஆகுது, அதுல பாதிக்கு மேல கல்லோடது.

இப்ப என் வண்டியில இருக்குற 20 டன் சாம்பலை கிளிங்கருக்குப் பதிலாத்தான் சிமெண்ட்ல கலக்குறாங்க. பிபிசின்னு சொல்ற சாம்பல் கலந்த சிமெண்ட்ல 35 சதவீதம் வரைக்கும் சாம்பல் போடலாம். அப்ப 20 டன் கிளிங்கர் சுடறது மிச்சம், அதாவது 17 டன் கார்பன் டை ஆக்சைடு. நான் விட்டது 300 கிலோ, மிச்சம் பண்ணினது 17,000 கிலோ. அந்தச் சாம்பலே நிலக்கரி எரிச்சு வந்ததுதானேன்னு கேப்பீங்க, வாஸ்தவம்தான், ஆனா நான் ஏத்தலைன்னாலும் அது எரிஞ்சுட்டுதான் இருக்கும், சாம்பல் குளத்துல கிடக்கும், அவ்வளவுதான். லாரி எல்லாமே யோக்கியம்னு நான் சொல்லல, நம்ம நாட்டுப் போக்குவரத்துக் கார்பன்ல பெரும்பங்கு ரோட்டுலதான் வருது. என் லைன் கணக்கு இதுன்னுதான் சொல்றேன். இன்னொண்ணு, புது புகை விதிப்படி வர்ற பிஎஸ்6 வண்டி கருப்பா புகைவிடாது, ஆட்ப்ளூங்கிற யூரியாத் தண்ணி ஊத்தறோம், அதுல நைட்ரஜன் ஆக்சைடு வாயுதான் குறையும், கார்பன் அப்படியேதான் போகுது, கண்ணுக்குத் தெரியாது.

மாவட்டத்துக்கு வர்றேன். அரியலூர்ல ஏன் இத்தனை ஃபேக்டரின்னா ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல்லு வேணும், அதைத் தூக்கிட்டு தூரமா போறவன் முட்டாள், அதனால குவாரி இருக்குற இடத்துலயே சூளை. கல்லு ஏன் அங்க இருக்குன்னா டைனோசர் காலத்துல அது கடலு, நத்தையும் சிப்பியும் படிஞ்சு படிஞ்சு கல்லானது, இன்னமும் குவாரியில வெட்டினா கிளிஞ்சல் அச்சோட கல்லு வரும். நெய்வேலியும் அதே கதை, பழுப்பு நிலக்கரியில பாதி தண்ணி, தண்ணியை லாரியில ஏத்தி எங்க விக்கிறது, அங்கயே எரிச்சு கம்பியில கரண்டா அனுப்பறாங்க. மேட்டூருக்கு ஒடிசா நிலக்கரி கப்பல்ல வந்து, அப்புறம் ரயில்ல ஏறி வருது, கரண்டு ஊரெல்லாம் போகுது, புகை மட்டும் சேலம் மாவட்டம் பேர்ல.

டீசல்லயும் இந்தக் கூத்து உண்டு. ரோட்டுக் கார்பனைப் பெரும்பாலும் எங்க எவ்வளவு டீசல் வித்துச்சோ அத வச்சுத்தான் கணக்குப் பண்றாங்க. பெங்களூர் லைன் ஓட்டுறவன் எவனும் கர்நாடகா பங்க்ல டேங்கை ரொப்பாம ஓசூருக்குள்ள வரமாட்டான், அங்க ரேட்டு கம்மி. புகை கிருஷ்ணகிரியில, கணக்கு கர்நாடகாவுல.

  

அந்த ஆயாகிட்ட அடுத்த ட்ரிப்ல இந்த 300 கிலோ 17 டன் கணக்கைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, பெஞ்சை யாரு தொடைப்பா"ன்னுச்சு.

போன வருஷம்தான் மாடியில ரெண்டு ரூம் கட்டினோம், சிமெண்ட் 300 மூட்டை ஆச்சு. மூட்டை 50 கிலோன்னா 15 டன் சிமெண்ட், பிபிசிங்கிறதால 9 டன் கார்பன் டை ஆக்சைடு பக்கம் வரும்னு பொண்ணு போட்டா. அது அரியலூர் கணக்குல ஏறியிருக்கும், ரூம் சங்ககிரியில இருக்கு. அந்த ரூமுக்கு ஏசி வேணும்னு இப்ப அவளேதான் கேக்குறா.