மைனஸ் 30-இல் எந்த ஆயில்?

கேள்வி: கனடாவில் சட்பரிக்கு வெளியே வசிக்கிறோம். ஹோண்டா ரான்சர் 420 ஏடிவியில் (நான்கு சக்கரக் காட்டுப்பாதை வண்டி) குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளுகிறேன்; கோடையில் காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறேன். வண்டி திறந்த கொட்டகையில் நிற்கிறது. அங்கே மைனஸ் 30 வரை போகும், கோடையில் 30-ஐத் தாண்டும். இப்போது 10டபிள்யூ-30 மினரல் ஆயில். சிந்தெடிக் 0டபிள்யூ-40-க்கு மாறலாமா? அது தண்ணீர் மாதிரி, கோடையில் என்ஜின் தேய்ந்துவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் முதல் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார். அந்த எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும்தான். சூடான பிறகு எவ்வளவு கெட்டி என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. 0டபிள்யூ-40-உம் 15டபிள்யூ-40-உம் 100 டிகிரியில் ஒரே வரம்புக்குள்தான் இருக்கும். உங்கள் 10டபிள்யூ-30 அந்தச் சூட்டில் இரண்டையும்விட இளகல். மைனஸ் 35-இல் 0டபிள்யூ கூடத் தண்ணீர் அல்ல, சூடான ஆயிலைப்போல் பல நூறு மடங்கு கெட்டி.

10டபிள்யூ ஆயிலில் என்ஜின் சுற்றுமா என்பதை மைனஸ் 25-இல் சோதிக்கிறார்கள், பம்ப் அதை இழுக்குமா என்பதை மைனஸ் 30-இல். 5டபிள்யூவுக்கு இவை மைனஸ் 30, 35. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35, 40. அப்படியானால் உங்கள் இப்போதைய ஆயில் சரியாக விளிம்பில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் நஷ்டம் இல்லை. ஸ்டார்ட் ஆகி, பம்ப் ஆயிலை இழுக்க முடியாமல் காற்றை இழுப்பதுதான் ஆபத்து. மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர் கைகள் வறண்டு உரசும். மினரல் ஆயிலில் உள்ள மெழுகு குளிரில் உறையும். நல்ல சிந்தெடிக்கில் அது இல்லை. எனவே மாறுங்கள். மூடிய கொட்டகை என்றால் 5டபிள்யூ போதும் என்பேன். திறந்த கொட்டகைக்கு 0டபிள்யூ. இரண்டாவது எண் 30-ஆ 40-ஆ என்பதை உங்கள் கையேட்டின் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் கடையில் கார் வரிசையில் இருக்கும் 0டபிள்யூவை எடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கும்: என்ஜின் உறுமும், பனி நகராது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தரக்குறி) இருக்க வேண்டும். கியருக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் ஏடிவிகளும் உண்டு; 'பெல்ட் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை' என்பதும் பாதிதான் உண்மை. போலாரிஸில் பெல்ட் உலர்ந்து ஓடுகிறது, என்ஜின் ஆயிலில் கிளட்ச் இல்லை. யமஹா கிரிஸ்லியில் பெல்ட்டோடு ஆயிலில் நனையும் கிளட்சும் உண்டு.

உங்கள் என்ஜினுக்கு உண்மையான எதிரி வேறு. பனி தள்ளும் வேலை பத்து நிமிடத்தில் முடியும், என்ஜின் முழுச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவீர்கள். எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து நீராகும். எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பால் அதிகமான காபி நிறத்தில் நுரை, பெட்ரோல் வாடை, ஊற்றாமலே உயரும் அளவு: இவைதான் அறிகுறிகள். அளவு உயர்ந்தால் 'குறையவில்லையே' என்று மகிழாதீர்கள், அன்றே மாற்றுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த சிந்தெடிக்கும் பெட்ரோல் கலந்தால் நீர்த்துப்போகும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது பாரத்தோடு ஓட்டுங்கள். சும்மா ஐடிலில் விட்டால் ஆயில் சூடேறாது. பனி தொடங்குமுன் ஒரு மாற்றம், நடுக்குளிரில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று.

மாற்றும்போது என்ஜின் வெதுவெதுப்பாக, வண்டி சமதளத்தில் இருக்கட்டும். ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டின் வாஷர் புதிது, ஃபில்டரும் புதிது. கையேட்டு அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து பாருங்கள். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகினால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏடிவி சவாரி நடத்துகிறோம். காற்றால் குளிரும் 110 சிசி வண்டிகள். ஆயில் சீக்கிரம் கருத்துவிடுகிறது. சிந்தெடிக் போட்டால் நெடுநாள் வருமா?

பதில்: வராது. இந்த வகை என்ஜின் பெரும்பாலானவற்றில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான், காகித ஃபில்டரும் இல்லை, கம்பி வலை மட்டும். மணலில் மெதுவாக இழுக்கும்போது காற்றோட்டம் குறைந்து ஆயில் வேகும். 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ முத்திரையோடு, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். விலையுயர்ந்ததை நீண்ட நாள் ஓட்டுவதைவிடச் சாதாரண நல்ல ஆயிலை அடிக்கடி மாற்றுவதே இங்கே லாபம். கருப்பு நிறத்தைவிட மணலுக்குப் பயப்படுங்கள். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சவாரி நாள்தோறும் கழுவி, உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவிப் போடுங்கள். உலர்ந்த பஞ்சு பொடிமணலை அப்படியே உள்ளே விட்டுவிடும். மாற்றுக்கு இன்னொரு பஞ்சு கைவசம் இருந்தால் ஈரத்தோடு மாட்ட வேண்டியிருக்காது.