90 சதவீத வாய்ப்பு என்கிறது செயலி, பணிக்கொடையை வைக்கலாமா?

கேள்வி: நூற்பாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. பதினொரு வாரங்களாக நிஃப்டி புட் ஆப்ஷன் விற்று வருகிறேன். லாப வாய்ப்பு 90% என்று செயலி காட்டும் ஸ்டிரைக் விலையைத்தான் எடுக்கிறேன். வாரம் சுமார் 1,500 ரூபாய் வருகிறது. ஒரு வாரம்கூட நஷ்டமில்லை. பணிக்கொடையாக வந்த 8 லட்சத்தையும் மார்ஜினாக வைத்துப் பெரிதாகச் செய்யலாமா?
– வாசகர், இராஜபாளையம்

பதில்: வைக்காதீர்கள். காரணம் கணக்கில்தான் இருக்கிறது, உங்களுக்கு எளிதில் பிடிபடும். புதியவர்களுக்காக ஒரு விளக்கம்: நிஃப்டி என்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு. அது குறித்த நாளில் ஓர் அளவுக்கு (ஸ்டிரைக் விலை) கீழே போனால் அந்த வித்தியாசத்தைத் தருகிறேன் என்று உறுதி கொடுப்பதுதான் புட் ஆப்ஷனை விற்பது. அதற்குக் கிடைக்கும் தொகை பிரீமியம். தரகு நிறுவனத்திடம் வைக்கும் பிணைத்தொகை மார்ஜின்.

முதலில் அந்தப் பதினொரு வாரம். வாரத்துக்கு 90% என்றால், 0.9-ஐப் பதினொரு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 31% வரும். மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு விற்றாலும், ஏறக்குறைய ஒருவருக்கு உங்கள் அனுபவமே கிடைக்கும். மற்ற இருவர் எனக்குக் கடிதம் எழுத மாட்டார்கள்.

அந்த 90 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 1973-ல் வெளியான பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டிலிருந்து. குறியீட்டின் இன்றைய நிலை, ஸ்டிரைக் விலை, மீதமுள்ள நாட்கள், வட்டி விகிதம் ஆகிய நான்கும் கண்ணெதிரே இருப்பவை. ஐந்தாவது, சந்தை இனி எவ்வளவு அலையும் என்பது. அது யாருக்கும் தெரியாது. ஆகவே ஆப்ஷனின் அன்றைய விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அதை எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கி விற்பவர்களின் பயத்தை அளந்து, அதையே சதவீதமாக்கி உங்களிடம் நீட்டுகிறது செயலி. மீதி 10 சதவீதத்துக்கான விலை உங்கள் பிரீமியத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஒன்பது வாரத்தில் வந்த 13,500 ரூபாய் பத்தாவது வாரத்தில் போனால் கணக்கு சமன். அந்த வாரத்தில் 60,000 போனால்? எத்தனை முறை தோற்பீர்கள் என்பதைச் சொல்லும் எண், எவ்வளவு தோற்பீர்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263.90 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. அன்று மாலை 22,500 புட்டை விற்றவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறுநாள், செவ்வாய்க்கிழமை, தேர்தல் முடிவு. குறியீடு 1,379 புள்ளிகள் சரிந்து 21,884.50-ல் நின்றது, நாளின் நடுவே இன்னும் கீழே போய் வந்தது. விற்றவர் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 615 ரூபாய் பள்ளத்தில். வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தம் முடியும் நாளான (எக்ஸ்பைரி) ஜூன் 6 அன்று நிஃப்டி 22,821-க்கு மேலேறிவிட்டது. அந்த புட் செல்லாக்காசாக முடிந்தது. அதாவது, செயலி சொன்னதே பலித்தது! ஆனால் இடையில் கூடுதல் மார்ஜின் கட்ட முடியாதவரின் ஒப்பந்தத்தைத் தரகு நிறுவனமே அடிமட்டத்தில் முடித்துவிட்டிருக்கும். 90% என்பது கடைசி நாளுக்கான கணக்கு. செவ்வாய்க்கிழமையைத் தாண்டுவீர்களா என்பது அதில் இல்லை.

ஸ்டாப் லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக வெளியேறும் ஆர்டர்) போடுவேன் என்பீர்கள். 2020 மார்ச் 23 அன்று சந்தை திறக்கும்போதே 9% அளவுக்குக் கீழே திறந்தது. நடுவில் விலையே இல்லாதபோது ஆர்டர் எங்கே நிறைவேறும்?

இந்தச் சூத்திரத்தை உருவாக்கியவர்களே தப்பவில்லை. மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் 1997-ல் பொருளாதார நோபல் பெற்றார்கள். அவர்கள் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிதியம் 1998-ல் ரஷ்யா கடனைக் கைவிட்டதையடுத்துக் கவிழ்ந்தது. வங்கிகள் கூடி சுமார் 360 கோடி டாலர் போட்டுத்தான் தாங்கிப் பிடித்தன. உங்கள் 8 லட்சத்துக்கு அப்படி யாரும் கூட மாட்டார்கள்.

பணிக்கொடையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இந்தப் பழக்கத்தை விடவே மனமில்லை என்றால், சிறிய அளவிலேயே வைத்துக்கொண்டு, விற்கும் ஒவ்வொரு புட்டுக்கும் கீழே இன்னொன்றை வாங்குங்கள். 22,500-ஐ விற்றால் 22,000-ஐ வாங்க வேண்டும். அப்போது யூனிட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் நஷ்டம் போகாது. வாரத்துக்கு வரும் 1,500 கணிசமாகக் குறையும். அந்தக் குறைவுதான் இத்தனை நாள் நீங்கள் கட்டாமல் விட்ட காப்பீட்டுப் பிரீமியம்.